காய்ச்சல் அடித்த குப்பைமேடு

ராஜமணி அண்ணாச்சி இறந்துபோன செய்தி வந்தபோது நான் நிலத்தில் நின்றுகொண்டிருந்தேன். புரட்டாசி பாதி கழிந்தும் மழை இறங்கவில்லை. உழுது போட்ட கரிசல் கட்டிகட்டியாகக் கிடந்தது. கோவில்பட்டிப் பக்கம் வானம் கறுப்பதும் வெளுப்பதுமாக இருந்தது. அண்ணாச்சியின் மகள் வசந்தா கைப்பேசியில் கூப்பிட்டாள்.

“அத்தை, அப்பா போயிட்டாங்க. காபி ஆத்திட்டு வந்து பாக்கேன், நாற்காலியில சாஞ்ச மாதிரியே இருக்காங்க. மூச்சு இல்ல.”

நெஞ்சுவலிக்காகக் கொஞ்ச நாளாகவே மகள் வீட்டில் தங்கி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர்பாராத செய்தி என்று சொல்ல முடியாது. “எப்ப எடுக்கீக தாயி? நாங்க இப்பவே கெளம்புதோம்” என்றேன்.

“நீங்க வர வேண்டாம் அத்தை. அப்பாவ அங்கன கொண்டு வாரோம். மத்தத நேர்ல சொல்லுதேன்” என்று வைத்துவிட்டாள்.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு அண்ணாச்சியைத் தெரியும். கோவில்பட்டிக்காரர்களுக்கு அவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகளுக்கு அவர் குப்பை அண்ணாச்சி. மக்கிய எருவை எங்கள் பக்கத்தில் குப்பை என்றுதான் சொல்வோம். முதலாளியை அறிந்தவர்களுக்குக் குப்பை அண்ணாச்சியைத் தெரியாது; இவரை அறிந்தவர்கள் அவரைப் பற்றிப் பேச மாட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரி என்ற முறையில் நான் இரண்டு பேரையும் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

அவருடைய தீப்பெட்டி ஆபீஸில் தீப்பிடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குச்சிகளுக்கு மருந்து முக்கும் அறையில் பொறி பறந்தது. எல்லாரும் முன்வாசல் வழியாக ஓடிவந்தார்கள். ஒரு பெண் மட்டும் புகையில் திசை தெரியாமல் பின்வாசலுக்கு ஓடினாள். அங்கே கதவை மறைத்துக் குச்சி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவள் பெயர் முத்துச்செல்வி. எங்கள் ஊர்ப் பிள்ளை. விடிந்ததும் கம்பெனி வேனில் போய் பொழுது சாய வருகிறவள். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்தாள். வழக்கு நடந்து முடிந்தது. அண்ணாச்சி ஆபீஸை இழுத்துப் பூட்டினார்.

எங்கள் நிலத்தை ஒட்டி அவருக்கு ஏற்கெனவே கொஞ்சம் கரிசல் இருந்தது. எப்போதோ வாங்கிப் போட்டு, குத்தகைக்கு விட்டு, பிறகு தரிசாகக் கிடந்த நிலம். ஆபீஸை மூடிய பிறகு அவர் அங்கே தகரக் கொட்டகை போட்டு வந்து தங்கினார். கொட்டகை வாசலில் நின்றால் முத்துச்செல்வியின் அம்மா சீனித்தாயின் வீடு தெரியும். மகள் கோவில்பட்டியில் இருந்தாள், சொந்த வீடும் அங்கே இருந்தது. அவர் ஏன் இங்கே வந்தார் என்று ஊரில் பேசாத வாய் இல்லை. யாரும் அவரிடம் கேட்கவில்லை. சீனித்தாயக்கா அந்தப் பக்கம் முகம் திருப்பவே இல்லை.

அவர் வந்த அந்தச் சித்திரையில்தான் அது நடந்தது. பருத்தி எடுத்து முடித்ததும் செடியைப் பிடுங்கி, அந்தக் காய்ந்த தண்டுகளை, பருத்திமாரை, நிலத்தின் நடுவே குவித்துக் கொளுத்துவது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் உச்சிவெயிலில் கொளுத்தினார். அந்த வெயிலில் தீயின் நாக்கு கண்ணுக்குத் தெரியாது. காற்று நெளிவது மட்டும் தெரியும், மார் வெடிக்கிற சத்தம் கேட்கும். அண்ணாச்சி தன் கொட்டகையிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தார். வேட்டி அவிழ்ந்து ஒரு கையில் இருந்தது.

“உள்ள ஆளு இருக்கா? உள்ள யாரும் இருக்காகளா?”

“மாருதான் அண்ணாச்சி எரியுது. ஒண்ணுமில்ல, பருத்திமாரு” என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். அவர் காதில் விழவில்லை. உதறிவிட்டுத் தீயைச் சுற்றி ஓடினார். பின்பக்கம் போய் அங்கேயே நின்றார். அனல் அடித்து முகமெல்லாம் சிவந்த பிறகுதான் திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்தார். நான் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“பின்னால போயிப் பாத்துட்டேன் தங்கச்சி. பின்பக்கம் யாருமில்ல.”

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் அவரே வந்தார். இனி மாரை எரிக்காமல் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டார்.

“மாரை வச்சு என்ன செய்யப் போறீக?” என்றார் என் வீட்டுக்காரர்.

“மக்க வைக்கப் போறேன்.”

“அது கட்டைல்லா. மக்காது அண்ணாச்சி.”

“பொடிசா வெட்டி, சாணியோட அடுக்கி, ஈரம் காயாமப் பாத்துக்கிட்டா மக்கும். விசாரிச்சுட்டேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “எரிக்கதுக்கு ஒரு குச்சி போதும் தங்கச்சி. ஆயுசு பூரா நான் அந்தக் குச்சியத்தான் செஞ்சேன். மக்க வைக்கதுக்குத்தான் ஆளு வேணும்.”

அந்தக் கோடை முழுவதும் அவர் வீடு வீடாகப் போய் மார் கேட்டார். எரிக்கிற சாமானைக் கொடுக்க யாருக்கு என்ன கஷ்டம்? கொட்டகைக்குப் பக்கத்தில் மலை போலச் சேர்ந்தது. ஐப்பசி மழையில் பண்ணைக்குட்டை நிரம்பியதும் டிராக்டரில் மாட்டுகிற சோளத்தட்டை வெட்டும் மிஷினை வாடகைக்குக் கொண்டுவந்து பொடியாக்கினார். கருப்பசாமி என்று எங்கள் ஊர் ஆள் ஒருவர் கூட நின்றார். ஒரு அடுக்கு மார்த்தூள், அதன்மேல் கரைத்த சாணி, கொஞ்சம் பழைய குப்பை, தண்ணீர்த் தெளிப்பு, மறுபடி மார். கீழிருந்து நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, மேலே சாணியும் மண்ணும் சேர்த்து மெழுகி மூடினார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் யாரையோ புதிதாகப் புதைத்த மேடு போல இருந்தது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. அந்த வழியாகப் போன எல்லாருமே சொன்னார்கள்.

தினமும் காலையில் அண்ணாச்சி ஒரு இரும்புக் கம்பியை மேட்டுக்குள் சொருகி, சிறிது நேரம் விட்டு, உருவி, உள்ளங்கையால் பிடித்துப் பார்ப்பார். உள்ளே சூடு பிடித்தால்தான் மக்குகிறது என்று அர்த்தம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் பிடித்த வேகத்தில் கையை உதறியதை என் நிலத்திலிருந்து பார்த்தேன். கம்பி கீழே விழுந்தது. அவர் அதை எடுக்காமல் வெகுநேரம் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நெருப்பு வைக்காமல் வந்த சூடு. அவர் வேண்டியதும் அதுதான், அவருக்குப் பயமும் அதுதான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

மார்கழி பிறந்தது. பனி விழுகிற காலைகளில் மேட்டின் வெடிப்புகள் வழியாக ஆவி எழுந்தது. மெதுவாக எழும்பி, ஆள் உயரத்தில் நின்று, வெயில் வந்ததும் கலையும். தண்ணீர் தெளிக்கப் போன கருப்பசாமி ஒருநாள் மேல் மெழுகலைப் பெயர்த்து உள்ளே கையை விட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

“உள்ள வேகுது. உயிரோட வேகுது. அந்தப் பிள்ளை சூடு முதலாளிய விடாம இங்கனயும் வந்துட்டு” என்று கடையில் போய்ச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. ஆடு மேய்ப்பவர்கள் அந்தப் பாதையை விட்டு ஓடை வழியாகச் சுற்றிப் போனார்கள்.

நான் நம்பவில்லை. சாணியும் தழையும் சேர்ந்தால் சூடேறும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒருநாள் போய்க் கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டு வரை இளஞ்சூடு. அதற்குமேல் ஈரமான, கனத்த சூடு. படுத்திருக்கும் ஓர் உயிரின் கக்கத்தில் கை வைத்தது போல இருந்தது. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கையை எடுத்த பிறகு புடவையில் பலமுறை துடைத்தேன்.

அதே மார்கழியில் ஒரு விடிகாலை. மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் போனவள், மேட்டை மூடியிருந்த ஆவிக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஆவி விலகியதும் சீனித்தாயக்கா என்று தெரிந்தது. குத்தவைத்து உட்கார்ந்து, குழந்தையின் நெற்றியில் வைப்பது போலப் புறங்கையை மேட்டின்மேல் வைத்திருந்தார்.

“கொதிக்குது. பூரா நேரமும் இப்படியேதான் கெடந்திருப்பா” என்றார் என்னைப் பார்க்காமல்.

“யாருக்கா?”

“பிள்ளைதான். சின்னதுலயே அவளுக்குச் சட்டுன்னு காய்ச்சல் வரும்லா. உனக்குத் தெரியாதா?”

அண்ணாச்சி கொட்டகை வாசலில் கம்பியோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா எழுந்து போகும்வரை அவர் அசையவில்லை.

சீனித்தாயக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அன்று பகலில் அதே அக்கா என்னோடு களையெடுத்தார். விலைவாசி பேசினார், மழை பேசினார், ஏட்டி ஏட்டி என்று சின்னப் பெண்களைக் கேலி செய்தார். களைக்கொத்தைத் தட்டியபடி நடுவில் ஒன்றை மட்டும் சொன்னார்: “ஆஸ்பத்திரியில பிள்ளையத் தொட விடல. கண்ணாடிக்கு வெளிய நிறுத்திட்டாவ. காய்ச்சல் இருக்காம்னு நர்சு சொன்னா. எம்புட்டு இருக்குன்னு தொட்டுப் பாக்க விடல.” அதற்குப் பிறகு நான் அந்த மேட்டைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

தினமும் காலையில் இரண்டு பேரும் அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். முதலில் அக்கா புறங்கையால். அவர் போன பிறகு அண்ணாச்சி கம்பியால். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தை மாதம் சூடு இறங்கியது. இறங்கினால் மேட்டைப் பிரித்து, அடியில் உள்ளதை மேலே கொண்டுவந்து, புரட்டிப் போட வேண்டும். அண்ணாச்சி பக்கத்து ஊர் ஆட்களை வைத்துப் புரட்டினார். காற்றுப் பட்டதும் அது மறுபடி சூடேறியது. அக்கா வந்து கை வைத்தவர், எழுந்து நேராகக் கொட்டகை வாசலுக்குப் போனார்.

“யாரு கெளறுனது?”

“நான்தான் தாயி. கெளறுனா...”

“நேத்துத்தான் காய்ச்சல் விட்டு அயந்து தூங்குனா. எதுக்குய்யா கெளறுதீரு? செத்தும் அவள விட மாட்டீரா?”

காற்றுப் பட்டால் சூடேறும் என்று அண்ணாச்சி விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை.

அடுத்தமுறை புரட்ட வேண்டிய நேரம் வந்தது. ஆட்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். அண்ணாச்சி அவர்களை உட்கார வைத்துவிட்டு, சீனித்தாயக்கா வீட்டு முற்றத்துக்கு வெளியே போய் நின்றார். “தாயி, பெரட்டிப் போடணும். போடட்டுமா?” என்று கேட்டார். அக்கா உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அவர் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி, வந்த ஆட்களை அனுப்பிவிட்டார். மறுநாளும் போய் நின்றார். அதற்கு மறுநாளும். “குப்பை கெட்டுப் போகும் அண்ணாச்சி, நாத்தம் எடுத்துரும்” என்றார் என் வீட்டுக்காரர். “கெட்டாக் கெடட்டும். அவிய சொல்லட்டும்” என்றார்.

கடைசியில் அக்காவே மேட்டுக்கு வந்தார். தொட்டுப் பார்த்தார். “பைய கெளறும்” என்று மட்டும் சொன்னார்.

அன்று அக்கா அங்கேயே நின்றார். மேடு பிளந்தபோது உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூசண நூல் படர்ந்து, மார்த்துண்டுகளைச் சுற்றிக் கட்டியிருந்தது. “கட்டுத்துணி மாதிரி இருக்கே” என்றார் அக்கா. மண்வெட்டி பிடித்திருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி அவர்களை விலக்கிவிட்டு, தானே குனிந்து கையால் அள்ளி அள்ளி மெதுவாகப் புரட்டினார். முடிக்க மதியம் ஆனது. அக்கா இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

பங்குனியில் அது முழுவதும் மக்கியது. பருத்திமார் என்று சொன்னால் நம்ப முடியாது. கறுத்து, உதிர்ந்து, முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் வந்தது. அக்கா கை வைத்துப் பார்த்தார். “குளுந்துட்டா” என்றார். பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. மாசியிலேயே அண்ணாச்சி இன்னொரு குவியல் போட்டிருந்தார். இது பெரியது. மக்காச்சோளத் தட்டையும் ஆட்டுப்புழுக்கையும். வைகாசியில் அவருக்கு நெஞ்சு வலித்து மகள் வீட்டுக்குப் போனார். தண்ணீர் தெளிக்க ஒப்புக்கொண்ட ஆள் வரவில்லை. வெயில் கொளுத்தியது. உள்ளே சூடும் வெளியே வெயிலுமாக அந்தக் குவியல் சத்தமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும்.

நண்பகலில் புகை வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். பக்கத்தில் ஆள் நடமாட்டமே கிடையாது. காற்றும் இல்லை. மேட்டின் உச்சியிலிருந்து ஒரு நூல் புகை நேராக எழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிட்டது. “யாருலே தீ வச்சது?” என்று ஒருவர் கேட்டார். யாரும் வைக்கவில்லை. “யாரு வைக்கணும்? உள்ள இருக்கவதான்” என்றார் கருப்பசாமி. கோடாங்கியைக் கூப்பிட்டுக் குறி கேட்க வேண்டும் என்றார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரேயடியாக எரித்துவிடலாம் என்றார்கள். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. என் வீட்டுக்காரர் தண்ணீர் டேங்கரைக் கொண்டுவர டிராக்டரை எடுக்க ஓடினார்.

வசந்தா வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் அண்ணாச்சி அன்றைக்குத்தான் ஊருக்குக் கிளம்பி வந்திருக்கிறார். ஆட்டோவிலிருந்து இறங்கியவர் புகையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. கூட்டம் விலகி அவருக்கும் மேட்டுக்கும் நடுவே வழிவிட்டது. அவர் நடக்கவில்லை.

சீனித்தாயக்கா எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் எதிரே நின்று கத்தினார்: “என்னத்தப் பாக்கீரு? பின்பக்கத்தத் தெறயும்! பின்பக்கத்தத் தெறயும்யா!”

அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு உயிர் வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டின் பின்னால் ஓடி வெட்டினார். பெயர்ந்த இடத்தில் காற்றுப் புகுந்ததும் உள்ளே தணல் கண்ணைத் திறந்தது. குவியலின் நடுவே சிவப்பாக ஒரு குகை. ஓர் ஆள் சுருண்டு படுக்கலாம் போன்ற இடம். பார்த்த பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அண்ணாச்சி மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டு வாரி வெளியே எறிந்தார். “வழி ஆயிருச்சு. வழி ஆயிருச்சு தாயி. வெளிய வா. வெளிய வந்துரு” என்று சொல்லிக்கொண்டே வாரினார். டேங்கரோடு வந்த என் வீட்டுக்காரர் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்ட பிறகுதான் தண்ணீர் பாய்ச்ச முடிந்தது.

தண்ணீர் பட்டதும் சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. யாரும் யாருக்கும் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து சீனித்தாயக்காவின் குரல் வந்தது. கோபம் இல்லாத, சாதாரணக் குரல்.

“மூட்டைய அங்கன அடுக்கச் சொன்னது யாரு?”

வழக்கில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. மேஸ்திரி தன் போக்கில் அடுக்கியதாகச் சொல்லப்பட்டு, அது அப்படியே முடிந்தும்விட்டது.

“நான்தான் தாயி” என்றது அண்ணாச்சியின் குரல். “முன்னால சாரல் அடிச்சுக் குச்சி நனையுதுன்னு, நான்தான் பின்வாசல்ல அடுக்கச் சொன்னேன். கதவு இருக்குன்னு மேஸ்திரி சொன்னான். நான் கேக்கல.”

ஊர் முழுவதும் கேட்டது. ஆவி விலகியபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் தோல் உரிந்திருந்தது. அக்கா அந்தக் கைகளைப் பார்த்தார். “சரி” என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். கரியும் சாம்பலும்தான் இருந்தன. “இங்கன யாருமில்ல. எல்லாரும் போங்க” என்று கூட்டத்தைக் கலைத்தார்.

கை ஆற ஆடி ஆனது. ஆடியில் ஒருநாள் அக்கா வரப்பில் வந்து நின்று, பங்குனியில் மக்கிய குப்பையைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று எங்கள் ஊருக்குத் தெரியும். முத்துச்செல்வியை அவர்களுடைய சின்ன நிலத்தின் மூலையில் புதைத்திருக்கிறது. கரிசல் கோடையில் வெடிக்கும். கை நுழைகிற அளவுக்கு, சில இடத்தில் கால் நுழைகிற அளவுக்கு வாய் பிளக்கும். எவ்வளவு ஆழம் என்று தெரியாது. ஒவ்வொரு கோடையிலும் அந்த மூலையிலும் வெடிப்பு விழும். அக்கா கூடை கூடையாக மண்ணைக் கொண்டுபோய் அந்த வெடிப்பில் கொட்டுவார். எவ்வளவு கொட்டினாலும் அது உள்ளே போய்விடும். “பிள்ளை முகத்துல விழுமோன்னு பைய போடுதேன்” என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மக்கிய குப்பை சேர்ந்த மண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவு வெடிக்காது என்று அண்ணாச்சி சொல்வதை அவர் எங்கேயோ கேட்டிருக்கிறார். வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணாச்சியும் நாங்களும் போனோம். வரப்பில் அக்கா கையை நீட்டித் தடுத்தார். “நீரு உள்ள வராதீரும். நான் தட்டிக்கிடுதேன்.” அவர் வரப்பிலேயே நின்றார். அக்கா கூடையில் அள்ளி அள்ளிப் பரப்பி, மண்ணோடு கொத்திக் கலந்தார். கடைசிக் கூடை வரை அண்ணாச்சி வெயிலில் நின்றார்.

அடுத்த கோடையில் எங்கள் நிலமெல்லாம் பிளந்து கிடந்தபோது அந்த மூலையில் மயிர்க்கோடு போன்ற வெடிப்புகள்தான் இருந்தன. அக்கா குனிந்து சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. அன்று மாலை அண்ணாச்சியின் கொட்டகை வாசலில் நின்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்: “நீரு செஞ்சத நான் மறக்க மாட்டேன். குப்பை நல்ல குப்பை.”

அதன்பிறகு பயம் போனது என்று சொல்ல மாட்டேன். பழகியது. மார் கொளுத்துகிறவர்கள் குறைந்தார்கள். நாங்களும் ஆட்டுக்கிடைக்காரர்களிடம் புழுக்கைக்குச் சொல்லி வைத்து, தட்டையோடு சேர்த்துக் குவியல் போட்டோம். ஈரம் பார்க்க, புரட்ட, அண்ணாச்சியே வருவார். குப்பை அடித்த எங்கள் நிலத்தில் மண் இளகியது. நடுவில் மழை ஏமாற்றிய வருடத்திலும் உளுந்து வாடாமல் நின்றது. ஆனால் மார்கழிக் காலையில் எந்த நிலத்தில் ஆவி எழுந்தாலும் எங்கள் ஊர்ப் பெண்கள் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நானும் பார்ப்பேன்.

அண்ணாச்சியின் உடலோடு வேன் ஊர் எல்லைக்கு வந்ததும் வசந்தா இறங்கி வந்தாள். “எரிக்கக் கூடாதுன்னு அப்பா முன்னாடியே சொல்லிட்டாங்க அத்தை. இங்கன நிலத்துலதான் வைக்கணுமாம். ஆனா சீனித்தாயம்மா சம்மதிச்சா மட்டும்தான். இல்லன்னா கோவில்பட்டிக்கே கொண்டு போயிருங்கன்னாங்க.” சொந்தக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். புடைப்பதை நிறுத்தவில்லை. முறத்தில் இருந்ததை முழுவதும் புடைத்து, கல் பொறுக்கி, பானையில் கொட்டி மூடினார்.

“குழிய ஆழமா வெட்டச் சொல்லு. கோடையில வெடிக்கும்” என்றார்.

எல்லாரும் மண் தள்ளி முடித்த பிறகு அக்கா வந்தார். தலையில் ஒரு கூடை. அண்ணாச்சி கடைசியாக அடுக்கிய குவியலிலிருந்து எடுத்த குப்பை, இன்னும் முழுதாக மக்காதது. மேட்டின்மேல் கவிழ்த்தார். நான் குனிந்து கையால் பரப்பிவிட்டேன். இளஞ்சூடாக இருந்தது. அக்கா புறங்கையை அதன்மேல் வைத்துச் சிறிது நேரம் அப்படியே இருந்தார்.

“நல்லா மக்கட்டும்” என்றார்.

அது வசவா வாழ்த்தா என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. வசந்தா மட்டும் அக்காவின் தோளில் தலையைச் சாய்த்தாள். அக்கா தள்ளிவிடவில்லை, தடவிக்கொடுக்கவும் இல்லை.

அண்ணாச்சி மன்னிப்பு என்ற சொல்லை ஒருநாளும் சீனித்தாயக்காவிடம் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணுக்கு மறைவாகப் போய்விட எத்தனையோ ஊர் இருந்தும், அந்தத் தாயின் பார்வை படுகிற இடத்தில் குடியிருந்து, அவர் சொன்னபோது செய்து, சொல்லாதபோது நின்றார். அப்படி நின்ற ஒரு மனிதரைப் பல வருடம் பக்கத்து நிலத்திலிருந்து பார்த்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் காட்சி ஒன்றைத்தான். அதை என் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.